துண்டுக்கு அடியில் ஒரு வேலை

என் வீட்டுக்காரர் பெயர் அடைக்கலம். புருஷன் பெயரைச் சொன்னால் அவர் ஆயுசு குறையும் என்பார்கள். பர்மாச் சண்டையில் ஜப்பான்காரன் குண்டு போட்டே குறையாத ஆயுசு, நான் சொல்லியா குறைந்துவிடப் போகிறது? குண்டு கொண்டுபோனது வலது கையில் இரண்டு விரலைத்தான். நடுவிரலும் மோதிர விரலும் போய், அந்த இடத்தில் மொட்டையாக இரண்டு முளை மட்டும் நின்றது. மற்ற மூன்று விரலும் விறைத்துப்போய்ப் பாதிதான் மடங்கும்.

அதற்காகச் சர்க்கார் மாதாமாதம் பென்ஷன் கொடுத்தது. ஆலங்குடிக்குப் பக்கத்தில் எங்கள் ஊர். வானம் பார்த்த கடலைக் கொல்லை கொஞ்சம், இரண்டு பெண் பிள்ளைகள். பென்ஷன் வந்தால் அடுப்பு எரியும், வராவிட்டால் அடுப்பில் பூனை படுக்கும். இதைச் சொல்ல எனக்கு என்ன வெட்கம்?

வில்லங்கம் கிளம்பியது எங்கள் ஊர்ச் சோலையப்பன் வாயிலிருந்துதான். அவரும் பட்டாளத்திலிருந்து வந்தவர், முழங்காலில் அடிபட்டதற்குப் பென்ஷன் வாங்குகிறவர். என் வீட்டுக்காரர் ஊருக்குத் திரும்பி வந்த புதிதில், ஒரு நாள் மண்வெட்டியைத் தூக்கிக்கொண்டு கொல்லைக்குக் கிளம்பியதைப் பார்த்துவிட்டு நொண்டிக்கொண்டே ஓடிவந்தார்.

"அடேய் அடைக்கலம், கீழ போடுடா அத! இது வேலை செய்ய முடியாதவனுக்குக் குடுக்குற பென்ஷன். நீ வேலை செய்யறத எவனாச்சும் பாத்து எழுதிப் போட்டான்னா அன்னைக்கே வெட்டிப்புடுவாங்க. கந்தர்வகோட்டப் பக்கம் ஒருத்தன் ஏரு ஓட்டுனான், மறுமாசமே போச்சு!"

கந்தர்வகோட்டையில் அது யார், எந்த வருஷம் என்று ஒருவரும் கேட்கவில்லை. நானும் கேட்கவில்லை. பென்ஷன் வாங்குகிற மனுஷன் சொல்கிறார், பொய்யா சொல்வார் என்று மண்வெட்டியை நானே பிடுங்கிச் சார்த்தி வைத்தேன்.

அன்றிலிருந்து நான் போலீஸ், அவர் கைதி. குடத்தைத் தொடக்கூடாது, கயிற்றைத் தொடக்கூடாது, வெளியே போனால் வலது கையைத் துண்டால் மூடிக்கொண்டு போக வேண்டும். ஊரும் என்னோடு சேர்ந்துகொண்டது. அவர் வைக்கோலில் கை வைத்தால் போதும், எங்கிருந்தாவது ஒரு குரல் வரும்: "அண்ணே, வைங்கண்ணே, பென்ஷன் போயிரும்!" நல்ல எண்ணத்தில்தான் சொல்வார்கள். ஆனால் நல்ல எண்ணம் படுத்துகிற பாட்டைக் கெட்ட எண்ணம்கூடப் படுத்தாது. சமஸ்தானம் போய்ப் புதுக்கோட்டை திருச்சி ஜில்லாவோடு சேர்ந்தது, தேர்தல் வந்தது, எங்கள் ஊருக்குப் பஸ்கூட வந்தது. எங்கள் வீட்டில் மட்டும் சட்டம் மாறவில்லை.

கால்சட்டை போட்ட புது ஆள் எவன் ஊருக்குள் நுழைந்தாலும் தகவல் முதலில் எங்கள் வீட்டுக்குத்தான் வரும். உடனே அவர் கட்டிலில் படுத்து, கையை நெஞ்சில் வைத்து முனக வேண்டும். ஒரு தடவை வந்தவன் மலேரியாவுக்கு மருந்து அடிக்கிறவன். இவர் முனகுகிறார், அவன் பாட்டுக்குச் சுவரெல்லாம் அடித்துவிட்டு, "அண்ணனுக்குக் காச்சலா? நல்ல நேரத்துக்குத்தான் வந்திருக்கேன்" என்று கட்டிலுக்கு அடியிலும் சேர்த்து அடித்துவிட்டுப் போனான். எனக்கும் பிள்ளைகளுக்கும் சிரித்துச் சிரித்து வயிறு வலித்தது. அவர் மட்டும் முகத்தைச் சுவர்ப் பக்கம் திருப்பிக்கொண்டு அப்படியே படுத்திருந்தார்.

வெளி வேலை இல்லாத மனுஷன் வீட்டுக்குள் என்ன செய்வார்? பட்டாளம் நடத்தினார். என் சட்டி பானைகளை உயர வரிசையில் நிற்க வைத்தார். கோழிகளுக்கு வெளியே வர ஒரு நேரம், உள்ளே போக ஒரு நேரம். பிள்ளைகள் பாயைச் சுருட்டினால் நுனி கோணல் என்று விரித்துத் திரும்பச் சுருட்டச் சொல்வார். நான் குழம்பு கூட்டினால் பின்னால் வந்து எட்டிப்பார்த்து, "புளி கம்மி" என்பார். "ஆமா, ஒங்க கேப்டன் வந்து கரைச்சு ஊத்துவாரு, போங்க அங்கிட்டு" என்பேன்.

சண்டை ஓய்ந்ததும் வாசலில் போய் உட்கார்ந்து, வேலைக்குப் போகிற ஆட்களையே பார்த்துக்கொண்டிருப்பார். பேச்சு வரவரக் குறைந்தது. பென்ஷனை விட்டால் பிள்ளைகள் பட்டினி, விடாமல் பிடித்துக்கொண்டால் மனுஷன் கண்ணெதிரே உளுத்துப்போகிறார். இரண்டில் எதைப் பிடிப்பது என்று தெரியாமல் நான் பாட்டுக்குக் கோழியைத் திட்டிக்கொண்டு கிடந்தேன்.

என் அண்ணன் மலையாண்டி புதுக்கோட்டைச் சந்தைப்பேட்டையில் மாட்டுத் தரகர். வெள்ளிக்கிழமை சந்தை. மாட்டுத் தரகு தெரியாதவர்களுக்குச் சொல்கிறேன். விலையை வாயால் சொல்ல மாட்டார்கள். தரகர் தோளில் கிடக்கிற துண்டை எடுத்துக் கை மேல் போட்டுக்கொள்வார். துண்டுக்கு அடியில் ஒருவர் விரலை ஒருவர் பிடிப்பார்கள். எத்தனை விரலைப் பிடித்தாரோ அத்தனை நூறு ரூபாய்தான் விலை. விற்கிறவர் கேட்பதும் வாங்குகிறவர் கொடுப்பதும் தரகர் கைக்கு மட்டும்தான் தெரியும். சுற்றி நிற்கிற கூட்டத்துக்கு ஆடுகிற துண்டுதான் தெரியும்.

அண்ணன் ஒரு நாள் எங்கள் வீட்டில் சாப்பிட்டுக்கொண்டே சந்தைக் கதை பேசிக்கொண்டிருந்தார். எனக்குப் பளிச்சென்று ஒன்று தோன்றியது.

"ஏண்ணே, துண்டுக்குள்ள கை என்ன செய்யிதுன்னு எவனுக்கும் தெரியாதா?"

"பெத்த ஆத்தா பக்கத்துல நின்னாலும் தெரியாது."

"அப்ப இவுகள ஒங்கூடக் கூட்டிட்டுப் போ. இவுக கை எப்பவும் துண்டுக்குள்ளதானே கெடக்கு? வாரத்துல ஒரு நாளு அது வேலை செஞ்சா எந்தச் சர்க்காருக்குத் தெரியப்போவுது?"

அண்ணன் சோற்றுக் கையோடு என்னையே பார்த்தார். "ஏ ஆத்தா, வெலை பேச வெரலுதானே வேணும்? மாப்ளைக்கு அதுதானே இல்ல?"

என் வீட்டுக்காரர் வெகு நாளைக்குப் பிறகு வாயைத் திறந்தார். "மூணு இருக்குல்ல மச்சான். வந்து பாக்குறேன். தோதுப்படலைன்னா திரும்பிடுறேன்."

முதல் வெள்ளிக்கிழமை ஒரே கூத்து. அறந்தாங்கிப் பக்கத்து விவசாயி ஒருவர் முழுக் கையையும் பிடித்து விலை கொடுத்தாராம். பிடிக்குள் அகப்பட்டது மூன்று. "என்னய்யா, நான் அஞ்சு பிடிச்சா நீ ரெண்ட எங்கிட்டு ஒளிச்ச?" என்று சண்டைக்கு வந்துவிட்டார். இடது கையைக் கொடுக்கலாம் என்றால், நல்ல காரியத்துக்குப் பீச்சாங்கையை எவன் தொடுவான்? கடைசியில் தரகர்கள் எல்லாரும் கூடி நின்று ஒரு முடிவு சொன்னார்கள். முளையும் விரல்தான். இருக்கிற விரலைப் பிடி, இல்லாத விரலுக்கு முளையைத் தொடு.

அதுவே பிறகு அவருக்கு நல்லதாகப் போயிற்று. துண்டுக்குள் கையை விட்டதுமே இது அடைக்கலம் கை என்று தெரிந்துவிடும், நடுவில் வேறு எவனும் கையை நுழைத்து ஏமாற்ற முடியாது என்று ஆட்கள் அவரைத் தேடி வந்தார்கள். அதோடு அவருக்கு வாய் இருந்தது. இத்தனை வருஷம் குடித்தனம் நடத்திய எனக்கே அது தெரியாது. அவர் ஒரு மாட்டைப் புகழ ஆரம்பித்தால் மாடே வெட்கப்படும் என்பார் அண்ணன்.

என்னதான் செய்கிறார் பார்ப்போம் என்று ஒரு வெள்ளிக்கிழமை பிள்ளைகளைக் கூட்டிக்கொண்டு நானும் போனேன். புழுதிக்கு நடுவில் நின்றுகொண்டிருந்தார். துண்டுக்குள் கை. தலை ஒரு பக்கம் சாய்ந்திருந்தது, கண் பாதி மூடியிருந்தது, உதட்டு ஓரத்தில் ஒரு சிரிப்பு. திடீரென்று, "கட்டாது சாமி, கட்டாது!" என்று ஒரு சத்தம் போட்டார் பாருங்கள், பக்கத்தில் நின்ற எருமை மிரண்டது. பிள்ளைகள் கைதட்டினார்கள். கல்யாணத்தன்றுகூட நான் அந்த மனுஷனை இப்படி ஆசையாகப் பார்த்ததில்லை.

அதற்குப் பிறகு வீடு வீடாக இருந்தது. வெள்ளிக்கிழமை பொழுதுசாய பஸ்ஸை விட்டு இறங்கும்போதே அவர் குரல் தெருக்கோடியில் கேட்கும். காராச்சேவுப் பொட்டலம் பிள்ளைகளுக்கு, சந்தைக் கதை எனக்கு. மீதி நாளெல்லாம் அடுத்த வெள்ளிக்கிழமையைப் பற்றிய பேச்சு. என் சட்டி பானைகளை மறந்தே போனார். கோழிகள் இஷ்டப்பட்ட நேரத்துக்கு வந்து போயின. பயம் மட்டும் எனக்கு விடவில்லை. சந்தைக்குள் கால்சட்டை ஆள் எவனாவது வந்து விசாரித்தால் தரகர் அத்தனை பேரும் சீட்டி அடிக்க வேண்டும் என்று அண்ணனிடம் சத்தியம் வாங்கி வைத்திருந்தேன்.

இரண்டு வருஷம் இப்படி ஓடியிருக்கும். திருச்சியில் மெடிக்கல் போர்டுக்கு வந்து கையைக் காட்டும்படி உத்தரவு வந்தது. பென்ஷனைத் தொடர்வதா நிறுத்துவதா என்று டாக்டர்கள் பார்த்து முடிவு செய்வார்களாம். சோலையப்பன் வந்து உட்கார்ந்து பாடம் நடத்தினார்.

"என்ன வேலை பாக்குறன்னு கேப்பாங்க. 'ஒண்ணும் இல்லீங்க அய்யா, சும்மாதான் இருக்கேன்'னு சொல்லணும். எங்க, சொல்லு."

"ஒண்ணும் இல்லீங்க அய்யா. சும்மாதான் இருக்கேன்."

"சிரிக்காம சொல்லுடா."

தினமும் காலையும் மாலையும் சொல்ல வைத்தேன். பிள்ளைகள்கூட அதை மனப்பாடம் செய்துவிட்டார்கள். போர்டு ஒரு சனிக்கிழமை. முந்தின நாள் சந்தைக்குப் போகவே கூடாது என்றேன். "ஒரு ஜோடிக் காளைக்கு வாக்குக் குடுத்திருக்கேன் புள்ள, போகலைன்னா மானம் போயிரும்" என்று கெஞ்சிவிட்டு ஓடிப்போனார். தொண்டை கட்டிப்போய், மேலெல்லாம் மாட்டு வாசனையோடு வந்து சேர்ந்தார்.

மறுநாள் விடிந்ததும் வெளுத்த துண்டு ஒன்றைக் கொடுத்து, தலையில் எண்ணெய் வைக்காமல், பார்த்தால் பாவமாகத் தெரிய வேண்டும் என்று சாப்பாடும் போடாமல் பஸ் ஏற்றினேன். நானும் கூடப் போனேன். தனியாக விட்டால் உளறிவிடுவார் என்று எனக்கு நன்றாகத் தெரியும்.

ஆஸ்பத்திரியில் ஒரு நீள அறை. மேசைக்குப் பின்னால் மூன்று டாக்டர்கள். நடுவில் இருந்த நரைத்த தலைக்காரர்தான் பேசினார். பக்கத்தில் ஒரு நர்ஸ். பெண்பிள்ளை வெளியே நில் என்றார்கள். நான் தலை மட்டும் உள்ளே இருக்கும்படி வாசல் ஓரமாக நின்றுகொண்டேன்.

"என்ன வேலை பார்க்கிறே?"

"ஒண்ணும் இல்லீங்க அய்யா. சும்மாதான் இருக்கேன்."

அச்சுப் பிசகாமல் சொன்னார். எனக்கு மூச்சு வந்தது. டாக்டர் விரலை நீட்டச் சொன்னார், மடக்கச் சொன்னார், ஊசியால் லேசாகக் குத்தினார். பிறகு, "உணர்ச்சி எவ்வளவு இருக்குன்னு பார்க்கணும். எந்த விரலைத் தொடறேன்னு கண்ணால பார்க்காம சொல்லு" என்று சொல்லி, இவர் தோளில் கிடந்த துண்டை எடுத்து அந்தக் கையின் மேல் போட்டார். போட்டுவிட்டுத் தன் கையைத் துண்டுக்கு அடியில் விட்டார்.

வேண்டாம் சாமி, வேண்டாம் என்று மனசுக்குள் கத்தினேன்.

டாக்டர் ஒரு விரலைப் பிடித்தார் போலிருக்கிறது. "எது?"

என் வீட்டுக்காரருக்குத் தலை மெதுவாக ஒரு பக்கம் சாய்ந்தது. கண் பாதி மூடியது. அந்த உதட்டு ஓரச் சிரிப்பும் வந்தது. டாக்டர் இன்னொரு விரலையும் சேர்த்துப் பிடித்தார். அவ்வளவுதான்.

"அட போங்க சாமி!" என்று அறையே அதிர்ந்தது. "ரெண்டா? இந்தப் பல்லுக்கு, இந்தத் திமிலுக்கு ரெண்டா? கட்டாது, கட்டாது! மனசு வச்சு ஏத்திப் பிடிங்க!"

டாக்டர் பதறிப்போய்க் கையை இழுத்துக்கொண்டார். துண்டு கீழே விழுந்தது. என் வீட்டுக்காரர் தூக்கத்திலிருந்து விழித்தவர் போல மூன்று டாக்டர்களையும் மாறி மாறிப் பார்த்தார். முகத்தில் ஈயாடவில்லை.

"யாருக்குப் பல்லு?" என்றார் டாக்டர்.

நர்ஸ் வாயைப் பொத்திக்கொண்டு சுவர்ப் பக்கம் திரும்பினாள். தோள் குலுங்கியது. அவள் ஆவூர்க்காரப் பெண், பெயர் வியாகுலமேரி என்று பிறகு தெரிந்துகொண்டேன். பேரில்தான் வியாகுலம், அவள் சிரிப்பு நிற்கவே இல்லை. "எங்க அப்பாவும் மாடு வாங்கி விக்கிறவருதான் டாக்டர்" என்று தொடங்கி, துண்டு வியாபாரம் முழுவதையும் போட்டு உடைத்துவிட்டாள். "இவரு தரகரு. நீங்க ரெண்டு வெரலப் பிடிச்சீங்களா, அடிமாட்டு வெலை கேக்குறீங்கன்னு கோவம் வந்துருச்சு."

பக்கத்தில் இருந்த இரண்டு டாக்டர்களும் சிரித்தார்கள். நடுவில் இருந்தவர் சிரிக்கவில்லை. "சும்மா இருக்கேன்னு சொன்னியே?" என்றார்.

என் வீட்டுக்காரர் தலையைத் தொங்கப்போட்டுக்கொண்டு நின்றார். சந்தையில் எருமையை மிரள வைத்த மனுஷன் இப்படித் திருடன் போல நிற்பதைப் பார்த்ததும் எனக்கு எங்கிருந்து வந்ததோ அவ்வளவு ஆத்திரம். விறுவிறுவென்று உள்ளே போய் மேசைக்கு முன்னால் நின்றுவிட்டேன்.

"நான் சொல்றேங்கய்யா. இவுக தரகு பாக்குறாக. வாரத்துக்கு ஒரு நாளு. அனுப்பிச்சதும் நான்தான், பொய் சொல்லச் சொன்னதும் நான்தான். வீட்டுல சும்மா கெடந்தப்ப இவுக மனுசனாவே இல்லீங்க. சந்தைக்குப் போன பொறகுதான் சிரிக்கிறாக, பிள்ளைககூடப் பேசுறாக. பென்ஷன வெட்டணும்னா வெட்டிக்கங்க. நான் நாலு கொல்லையில கடலை ஆஞ்சு கஞ்சி ஊத்திக்குவேன். திரும்பவும் கட்டில்ல போயிப் படுன்னு மட்டும் இவுகளச் சொல்லிப்புடாதீங்க!"

டாக்டர் கண்ணாடியைக் கழற்றி மேசையில் வைத்தார்.

"வேலை செஞ்சா வெட்டுவோம்னு உங்களுக்கு யாரும்மா சொன்னது?"

சோலையப்பன் பேரை எப்படிச் சொல்வது? "ஊருல சொன்னாங்க" என்றேன்.

"இது சும்மா இருக்கிறதுக்குக் குடுக்கிற கூலி இல்லம்மா. சண்டையில போன விரலுக்குக் குடுக்கிறது. அவர் தரகு பார்க்கட்டும், கடை வைக்கட்டும், ஏர் ஓட்டட்டும். எங்களுக்கு என்ன? விரல் திரும்ப முளைச்சா மட்டும் வந்து சொல்லுங்க, அன்னைக்கு நிறுத்திடறோம்."

எனக்கு அது புத்தியில் ஏறக் கொஞ்ச நேரம் பிடித்தது. "அப்ப வெட்ட மாட்டீங்களா?" என்றேன். மாட்டோம் என்றார். "எவனாச்சும் எழுதிப் போட்டாலும்?" என்றேன். எழுதிப் போட்டாலும்தான் என்றார். நர்ஸ் என் தோளைத் தொட்டு, "போங்கக்கா, அண்ணனுக்கு மொதல்ல சோறு வாங்கிக் குடுங்க. மூஞ்சியில பசி தெரியுது" என்றாள்.

அவர் துண்டை எடுத்துக்கொண்டு வாசலைத் தாண்டும்போது டாக்டர் பின்னாலிருந்து கூப்பிட்டார். "ஏம்ப்பா, நிஜமாவே அந்த மாடு ரெண்டுக்கு மேல போகுமா?"

"சுழி சுத்தமுங்க அய்யா, ஒரு குத்தமும் சொல்ல முடியாது" என்றார் என் வீட்டுக்காரர். "நாலுக்குக் கொறஞ்சு எங்க பாட்டன் வந்து கேட்டாலும் கெடைக்காது."

வெளியே நல்ல வெயில். பஸ் ஸ்டாண்டைப் பார்த்து நடந்தோம். எனக்குச் சிரிப்பு, அழுகை, சோலையப்பனை உரலில் போட்டு இடிக்க வேண்டும் என்கிற வெறி, எல்லாம் ஒன்றாக வந்தது. "எத்தன வருசம் பாழாப் போச்சு, கடங்காரப் பய வாயால எத்தன வருசம்" என்று புலம்பிக்கொண்டே நடந்தேன்.

"செவந்தி" என்றார் கொஞ்ச நேரம் கழித்து. "பென்ஷன வெட்டிக்கங்கன்னு சொன்னியே, நிசமாத்தான் சொன்னியா?"

"பின்ன? வெளையாட்டுக்கா சொல்வாக?"

"வெட்டியிருந்தா?"

"வெட்டியிருந்தா கூழக் குடிக்கிறது. அதுக்கு என்ன இப்ப?"

சிறிது தூரம் நடந்தார். என்னைப் பார்க்காமல், ரோட்டைப் பார்த்துக்கொண்டு சொன்னார்: "இத்தன வருசமா, பென்ஷனுக்காகத்தான் நீ என்னையப் பொத்திப் பொத்தி வச்சிருக்கேன்னு நெனச்சேன் புள்ள. போன வெரலு ரெண்டுக்குத்தான் இந்த வீட்டுல சோறு, இருக்குற எனக்கு இல்லன்னு."

நான் நடு ரோட்டில் அப்படியே நின்றுவிட்டேன். குதிரை வண்டிக்காரன் ஒருவன் மணியை அடித்துத் திட்டிக்கொண்டு போனான். என் வாய்க்கு ஊரில் பேர் உண்டு. அன்றைக்கு அவனைத் திரும்பத் திட்டக்கூட எனக்குத் தோன்றவில்லை. இந்த மனுஷன் மனசில் இதை வைத்துக்கொண்டா என் கையால் வாங்கிச் சாப்பிட்டுக்கொண்டிருந்தார்?

"அட கூறுகெட்ட மனுசா!" என்று ஒருவழியாகக் கத்தினேன். "பென்ஷனுக்கு ஆசப்பட்டவளா இருந்தா, ஏன் ரெண்டோட நிறுத்துனீங்க, பத்தையும் குடுத்துட்டு வந்திருக்கலாம்லன்னு அன்னைக்கே கேட்டிருப்பேனே! ஒங்களத் தூக்கிட்டுப் போயி இன்னொரு சண்டையில விட்டுட்டு வந்திருப்பேனே!"

அவர் சிரித்தார். ரோட்டில் போகிறவர்கள் திரும்பிப் பார்க்கிற அளவுக்கு, இடுப்பில் கை வைத்துக்கொண்டு, கண்ணில் தண்ணீர் வரச் சிரித்தார். எனக்கும் தண்ணீர் வந்தது. அது சிரிப்பால் வந்ததா என்று நான் பார்க்கவில்லை. அவர் துண்டை உதறித் தோளில் போட்டுக்கொண்டு, அந்தக் கையாலேயே என் மணிக்கட்டைப் பிடித்து, எதிரில் இருந்த ஓட்டலுக்குள் இழுத்துக்கொண்டு போனார். காலையில் நான் பட்டினி போட்டது அவரை மட்டும்தான், ஆனால் அங்கே அவரைவிட நான்தான் அதிகம் சாப்பிட்டேன்.